அம்மா பார்த்தது கைகளை

ஈராண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், தோட்ட வாழ்க்கையைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் ஒன்றை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தி புகைய, நாயகி ரப்பர் மரத்தின் முன் நின்று பட்டையைச் சீவினாள். பின்னணியில் புல்லாங்குழல் ஒலித்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மா வெற்றிலையை மென்றபடியே, "கோடு மாறிப் போச்சு. இப்படி வெட்டினா மண்டோர் அன்னைக்கே காட்டை விட்டு வெரட்டியிருப்பாரு," என்றார்.

மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர். கோடு எப்படி மாறியது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. படத்தை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மீண்டும் போட்டேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, திரையில் விரலை வைத்துக் காட்டினார். மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும். அந்தச் சரிவின் அடியில்தான் தகரத்துண்டும் அதன்கீழ் பால் பிடிக்கும் மங்கும் (கோப்பை) இருக்கும். திரையில் கோடு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக இறங்கியது. பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேர்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்திருப்பதால், இடமிருந்து வலமாகச் சுமார் 30 பாகைச் சரிவில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக இறங்கும் என்பதைப் பிறகு ஒரு நூலில் படித்தேன். அம்மாவுக்கு அந்தக் காரணம் தெரியாது. 27 ஆண்டுகள் நாளொன்றுக்கு ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டியவருக்குக் காரணம் தேவைப்படவும் இல்லை. மரத்துக்குக் காயம் படாமல் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவி எடுக்கிற கை அவருடையது.

நான் சிறு வயதிலிருந்தே படப்பைத்தியம். பார்த்த படங்களைப் பற்றி எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் என்னிடம் பதினொன்று இருக்கின்றன. எங்கள் ஊரில் படத்தைப் பற்றி யாருக்காவது ஐயம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள் என்கிற சிறு கர்வமும் உண்டு. ஆனால் அந்தப் பிற்பகல்வரை, திரையில் ஒருவர் வேலை செய்யும்போது அவருடைய கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16ஆம் நாள் இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது என்பதால், வரலாற்றுப் புத்தகத்தில் ஊர்ப்பெயர் ஒருமுறை வந்துபோகும். மேற்கே கோலகங்சாரில், 1877இல் நடப்பட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்னமும் வேலிக்குள் நிற்கிறது. அதைப் பார்க்க நான் அழைத்துச் சென்றபோது அம்மா முதலில் பார்த்தது அதன் பட்டையைத்தான். நான் பிறந்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). கோயில் திருவிழாவுக்கு ஒரு படம், தீபாவளிக்கு ஒரு படம் என்று திடலில் வெள்ளைத் துணியைக் கட்டி 16 மி.மீ. படம் போடுவார்கள். இடைக்கிடையே தகவல் இலாகா வாகனமும் வரும். அதில் கொசு ஒழிப்புப் படத்தைப் பார்த்த பிறகுதான் மற்றது.

திரைக்கு முன்னால் பெரியவர்கள் பாயை விரித்துவிடுவார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவோம். அங்கிருந்தும் படம் தெரியும். ஆனால் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்துகள் திரும்பியிருக்கும், நாயகன் பொத்தான் போடுவதிலிருந்து சோறு உண்பதுவரை எல்லாமே இடது கையால்தான். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் 'நான் ஆணையிட்டால்' பாடலுக்குச் சாட்டையைச் சுழற்றும் எம்.ஜி.ஆர். இடக்கைக்காரர் என்றே நான் எட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதற்காக ஒருவனோடு சண்டை போட்டு அடி வாங்கியதும் உண்டு. அவன் அப்பா தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) என்பதால் அவன் முன்பக்கம் உட்கார்ந்து பார்த்தவன். பின்னாளில் வீடியோ கேசட்டில் அந்தப் படத்தைச் சரியான பக்கத்திலிருந்து பார்த்தபோது, எனக்கு ஏதோ ஒன்றைப் பறிகொடுத்தாற்போல் இருந்தது.

நோட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் பார்ப்பவர்களில் பலர் இப்பழக்கத்தைத் தொடங்கிப் பாதியில் விடுகிறார்கள். என் முதல் நோட்டைப் பதினேழு வயதில் தொடங்கினேன். அதில் 'முள்ளும் மலரும்' (1978) படத்துக்கு நான் எழுதியிருப்பது இதுதான்: 'ரஜினி நடிப்பு அருமை. பாடல்கள் இனிமை. முடிவு சோகம்.' அம்மா கோடு மாறிப்போனதைக் கண்டுபிடித்த பிறகு பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக 'அருமை', 'சுமார்', 'இழுவை' என்கிற மூன்று சொற்கள்தாம் மாறி மாறி வருகின்றன. அவற்றைப் படித்தால் அந்தப் படம் என் நினைவுக்கு வருவதில்லை. அதை எழுதிய பிள்ளையின் அவசரந்தான் வருகிறது. போதாக்குறைக்கு, 'முள்ளும் மலரும்' படத்தின் முடிவு சோகமே அல்ல. தங்கையைப் பொறியாளருக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, உங்களை எனக்கு இப்பொழுதும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற காளியின் நிமிர்வை எந்தக் கணக்கில் சோகம் என்று எழுதினேனோ தெரியவில்லை.

ஆகவே இப்பொழுது வேறு முறையில் எழுதுகிறேன். படம் முடிந்த அன்றிரவே, தூங்குவதற்கு முன்பு, கண்ணால் கண்ட மூன்று பொருள்களை அல்லது மூன்று செயல்களை மட்டும் எழுதுகிறேன். நன்று, தீது எதையும் எழுதுவதில்லை. யாரோடு பார்த்தேன், எங்கே பார்த்தேன், இடையில் மின்சாரம் நின்றதா என்பதையும் ஒரு வரியில் சேர்க்கிறேன். கருத்து வேண்டுமானால் ஒரு வாரம் கழித்து அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த அடுத்த பக்கம் முந்திய பக்கத்தோடு ஒத்துப்போவதில்லை.

மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தை அம்மாவோடு மறுபடி பார்த்தது நோட்டில் நான்கு பக்கம் இருக்கிறது. காளி மின்திட்ட வேலையிடத்தில் மலையேறும் விஞ்சை (கம்பிவட இழுவை வண்டியை) இயக்குகிறவன். ஊராரை அதில் இலவசமாக ஏற்றிச் செல்வதும், புதிதாக வந்த பொறியாளர் அதைத் தடுப்பதும், வேலையிலிருந்து சில நாள் நிறுத்தப்பட்ட ஆத்திரத்தில் குடித்துவிட்டு லாரியில் அடிபட்டு ஒரு கையை இழப்பதும் எல்லாரும் அறிந்த கதை. நான் பதினேழு வயதில் இதை அண்ணன் தங்கைப் பாசக் கதையாகப் பார்த்தேன். அம்மாவோ, அவன் நெம்புகோலின் மேல் கையை வைத்திருக்கிற விதத்தைக் கண்டதும், "இவன் இதுக்கு முதலாளி மாதிரி நிக்கிறான் பாரு," என்றார். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் இயந்திரத்தில் வேலை பார்த்த ஒரு மாமா இருந்தார். அவரும் அந்தச் சக்கரத்தின் மேல் இப்படித்தான் கையை ஊன்றி நிற்பாராம். பிறகு அதே ரோலர் அவருடைய மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. விரல் போன பிறகு அவர் யாருக்கும் கைநீட்டித் தேநீர் வாங்கியதில்லை, மேசையில் வைக்கச் சொல்லித்தான் எடுத்துக்கொள்வார் என்று அம்மா சொன்னார். நான் அந்த மாமாவோடு பத்தாண்டுகள் ஒரே லயத்தில் வாழ்ந்தவள்; ஆனால் இதைக் கவனித்ததில்லை. அதன் பிறகு கையிழந்த காளியைக் காட்டும் காட்சிகளில் நான் அவனுடைய மற்றக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலு மகேந்திரா தமிழில் ஒளிப்பதிவு செய்த முதல் படம் இது; அவருடைய கேமரா முகத்தைத் துரத்தாமல் சற்றுத் தள்ளி நின்று ஆளை முழுமையாகக் காட்டுவதால்தான் இப்படிப் பார்ப்பதற்கு இடம் கிடைக்கிறது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பயன்படத்தக்க பாடம் ஒன்றுண்டு. படத்தில் ஒரு தொழில் வந்தால், அந்தத் தொழிலைச் செய்தவர் ஒருவரோடு அமர்ந்து இரண்டாம் முறை பார்க்க வேண்டும். எங்கள் கோயிலில் நாயனம் வாசித்த பெரியப்பா ஒருவர் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மூன்று தெரு தள்ளி இருக்கிறார். அவரை அழைத்து 'தில்லானா மோகனாம்பாள்' (1968) போட்டேன். அதில் கேட்கிற நாயனம் மதுரைச் சகோதரர்களான எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் வாசித்தது. சிவாஜி திரையில் அதற்கு உடலைக் கொடுத்தார். கன்னம் உப்புவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் நான் வியந்துகொண்டிருந்தபோது பெரியப்பா, "கன்னத்தை யாரு வேணும்னாலும் உப்பலாம்மா. மூச்சை எந்த இடத்துல எடுக்கிறாருன்னு பாரு," என்றார். சிவாஜி தோளை அசைக்காமல் மூச்செடுக்கிற இடங்களை அவர் தம் முழங்காலில் தட்டித் தட்டிக் காட்டினார். ஓரிடத்தில் மட்டும் விரல் ஒரு ஸ்வரம் முந்திவிட்டது என்றார். அது எந்த இடம் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. அன்றைக்குப் படம் முடிய ஐந்து மணி நேரம் ஆனது. பாதி நேரம் படம் நின்றிருந்தது.

இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைச் சினிமா அன்பர்கள் பலர் குற்றமாகக் கருதுவார்கள். முதல் முறைக்கு நானும் அவர்கள் பக்கந்தான். முதல் முறை பார்க்கும்போது கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இரண்டாம் முறை நிறுத்தலாம், பேசலாம், சண்டையும் போடலாம்.

பழைய படங்களை வீட்டில் பார்ப்பவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்பைச் சரிசெய்யாமல் பார்க்கக் கூடாது என்பதையும் அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன். புதிய அகலப் பெட்டி வாங்கிய முதல் வாரத்தில் 'பராசக்தி' (1952) போட்டேன். பத்து நிமிடங்கூட ஆகவில்லை, "ஏன் பாப்பா எல்லாருக்கும் மூஞ்சி வீங்கியிருக்கு?" என்றார். அக்காலப் படங்களின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரத்துக்கு அருகில், நாலுக்கு மூன்று என்கிற அளவில் இருக்கும். இன்றைய பெட்டி பதினாறுக்கு ஒன்பது. பெட்டி தானாகவே படத்தை இரு பக்கமும் இழுத்து நிரப்பியதால் ஒல்லியான சிவாஜி கணேசன் தடித்துத் தெரிந்தார், கைகள் எல்லாம் வாழைக்காய்போல் ஆயின. அமைப்பில் போய்ப் பட அளவை அசல் அளவுக்கு மாற்றினால் இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விழும். அந்தக் கறுப்பைக் கண்டு காசு வீண் என்று நினைக்கக் கூடாது. இன்னொன்று, அசைவை வழவழப்பாக்குகிற ஒரு வசதி பெரும்பாலான புதிய பெட்டிகளில் முன்கூட்டியே போட்டுவைக்கப்பட்டிருக்கிறது. சினிமா நொடிக்கு 24 சட்டங்களாக (பிரேம்களாக) எடுக்கப்பட்டது. பெட்டி இடையிடையே தானே சட்டங்களை உண்டாக்கிச் செருகுவதால் எந்தப் படமும் மெகா தொடரைப்போல் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. தேடிப் பிடித்து அணைத்துவிட்டால் படம் படமாகிவிடும்.

எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று குறித்துக்கொள்வதும் அவசியம். 2016 ஜூலையில் 'கபாலி' வந்தபோது எங்கள் ஊரே ஈப்போவுக்குக் கிளம்பியது. நான் முதல் நாளே போய் முன்வரிசையில் கழுத்து வலிக்க உட்கார்ந்து, விசில் சத்தத்தில் பாதி வசனம் கேட்காமல் திரும்பினேன். தமிழகத்து உறவினர் ஒருவரோடு தொலைபேசியில் முடிவைப் பற்றி அரைமணி நேரம் வாதாடிய பிறகுதான், மலேசியாவில் திரையிட்ட பிரதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்தில் ஒரு முடிவு சேர்க்கப்பட்டிருந்தது என்பதும், நாங்கள் இருவரும் வெவ்வேறு முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதும் விளங்கின. 2024இல் வந்த 'மெய்யழகன்' வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

'கபாலி'யை அன்றைக்கு நான் 'அடிதடி அதிகம்' என்று எழுதிவைத்தேன். இரண்டு மாதம் கழித்து, கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் மறுபடி பார்த்தபோது கபாலி அணிகிற கோட்டு என்னைத் தடுத்து நிறுத்தியது. இயக்குநர் பா. இரஞ்சித் அதை அலங்காரத்துக்கு மாட்டவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கோட்டு அணிவதில் உள்ள அரசியலைப் படமே வாய்விட்டுச் சொல்லுகிறது. எங்கள் தோட்டத்தில் துரையைத் தவிர வேறு யாரும் கோட்டு அணிந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் என் மனம் அதற்கு முந்திய ஆண்டு வந்த நம் நாட்டுப் படமான 'ஜகாட்' பக்கமே சாய்கிறது. 'ஜஹாட்' (கெட்ட) என்கிற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் எப்படி விழுகிறதோ அப்படியே தலைப்பாகியிருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அப்படம் 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தில், அப்போய் என்கிற சிறுவனைப் படி படி என்று அடித்து வளர்க்கிற அப்பாவை நான் வில்லனாக எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா, "வேலையில அடி வாங்கினவன் கை வீட்ல அடிக்கும்," என்றார். அவர் அதை நியாயப்படுத்தவில்லை. என் அப்பாவைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

நான் மிகவும் தயங்கி அம்மாவுக்குக் காட்டிய படம் மாரி செல்வராஜின் 'வாழை' (2024). இயக்குநரின் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுத்த கதை. விடுமுறை நாளில் பள்ளிப் பிள்ளைகள் சேற்று வயலில் இறங்கித் தலையில் வாழைத்தார் சுமக்கிறார்கள். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட பிறகு அம்மாவும் சில ஆண்டுகள் செம்பனை வேலைக்குப் போனவர். குலை ஒன்று பதினைந்திலிருந்து இருபத்தைந்து கிலோ இருக்கும். ஆண்கள் வெட்டித் தள்ள, பெண்கள் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவார்கள். நான் இப்பொழுது செம்பனை ஆலையில் லாரிகளை எடை போடும் இடத்தில் கிராணியாக இருக்கிறேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்துவிட வேண்டும், இல்லையேல் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், லாரி தாமதமானால் நான்தான் தொலைபேசியில் சத்தம் போடுவேன். 'வாழை'யில் தாரை அன்றைக்கே ஏற்றியாக வேண்டும் என்று அவசரப்படுத்துகிற வியாபாரியைக் கண்டபோது எனக்கு என் குரலே கேட்டது. நாயகனின் பக்கம் நின்று பார்த்தே பழகிய எனக்கு இது புதிது.

அம்மா கையைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்குக் கழுத்து ஆடுது பாரு, நெசமாவே பாரம் இருக்கு," என்றார். வெற்றுப் பாரத்தைச் சுமப்பவர் நடிக்கும்போது இடுப்பை வளைத்துக் காட்டுவார், உண்மையாகச் சுமப்பவர் இடுப்பை நேராக்கிக்கொண்டு காலை விரைவாக எடுத்து வைப்பார், நின்றால்தான் கனக்கும் என்றார். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிற காட்சியில் சிரித்துக்கொண்டார். தோட்டத்தில் ஒட்டுப்பாலுக்கு (மரத்தில் உறைந்த ரப்பர் பாலுக்கு) சில காசு கூட்டிக் கேட்ட கதை ஒன்று அவரிடம் உண்டு. தார் ஏற்றிய லாரியின் மேல் ஆட்களும் ஏறிக்கொண்டபோது எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். என்ன நடக்கப் போகிறது என்பதை நான் சொல்லவே இல்லை. சற்று நேரம் கழித்து அங்கிருந்தே, "கவுந்துருச்சா?" என்று கேட்டார். அன்றிரவு நோட்டில் நான் அந்த ஒரு சொல்லை மட்டுந்தான் எழுதினேன்.

வயதானவர்களோடு பார்க்கும்போது, முடிவு கொடியது என்று தெரிந்தால் ஒரு கோடி காட்டிவிடுவதே மரியாதை என்று இப்பொழுது எண்ணுகிறேன். கதையைச் சொல்ல வேண்டியதில்லை; "இதில் சாவு இருக்கிறதும்மா" என்றால் போதும். இளையவர்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு இன்னும் அவ்வளவு சாவு வீடுகள் கணக்கில் ஏறவில்லை.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) எங்கள் தாமானில் ஏறக்குறைய எல்லாருக்கும் சொந்தக் கதை. தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, கைக்கு வந்த தொகையில் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, அது எழும்புவதை வாரந்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். பாடலே இல்லாத படம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த பகுதிகள் பின்னணியில் வருகின்றன. கட்டி முடியாத வீட்டை நாயகியின் தாத்தா தனியாகப் பார்க்கப் போகிற காட்சியில் சொக்கலிங்க பாகவதர் என்ன செய்கிறார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கோ அதைவிடச் சித்தாள் பெண்ணைப் பிடித்திருந்தது. செங்கல் தூக்குகிறவளுக்குத்தான் சிமெண்டு எவ்வளவு போனது என்று தெரியும் என்பது அவருடைய கட்சி.

'கடைசி விவசாயி' (2022) படத்தை அம்மா ஒரு சொல்கூடப் பேசாமல் பார்த்தார். மாயாண்டியாக வரும் நல்லாண்டி உண்மையிலேயே உழவர். படம் வெளிவருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வழக்கு மன்றத்தில் நிற்கும்போதும் பயிருக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமே என்கிற கவலையைத் தவிர அந்த முகத்தில் வேறொன்றும் இல்லை. படம் முடிந்ததும், "இவரு நடிக்க வந்தவரில்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அதான்," என்றார்.

கையைப் பார்ப்பதே எல்லாப் படத்துக்கும் திறவுகோல் என்று நான் சில மாதம் பிதற்றிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'காதலிக்க நேரமில்லை' (1964) அதைத் தீர்த்துவைத்தது. நாகேஷ் தாம் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை டி.எஸ். பாலையாவுக்குச் சொல்லுகிற காட்சியில் எவருடைய கையும் ஒரு வேலையும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற பாலையாவின் கண்தான் அந்தக் காட்சி முழுவதும். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். வேலை தெரிந்தவன் என்பது படத்துக்கு ஓர் அளவுகோல். அதைக் கொண்டு சிரிப்பை அளக்கப் போனால் நாம்தான் கோமாளி ஆவோம்.

சென்ற பள்ளி விடுமுறையில் தம்பி மகன் வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறான், பாட்டியைப் பற்றிக் குறும்படம் எடுக்க வேண்டும் என்றான். தெரிந்தவர் ஒருவரின் சிறு தோட்டத்தில் இன்னும் சில ரப்பர் மரங்கள் நிற்கின்றன. விடியற்காலையில் அம்மாவைக் காரில் அழைத்துப் போனோம். எழுபத்தொன்பது வயது, கை சற்று நடுங்கும். உளியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றது என்று எழுதினால் நன்றாயிருக்கும், ஆனால் நிற்கவில்லை. முதல் மரத்தில் பட்டை கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது, அம்மா தம்மையே திட்டிக்கொண்டார். மூன்றாவது மரத்தில் சீவல் ஒரே நீளமாகச் சுருண்டு விழுந்தது. பையன் பாட்டியையும் தன்னையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து பெரிய பெட்டியில் போட்டுக் காட்டினான். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தவர் திடுக்கிட்டு, "நான் எப்படா எடக்கையில வெட்டினேன்?" என்றார். கோடு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேமரா கண்ணாடியைப்போல் இடம் வலமாக மாற்றிப் பதிவு செய்கிற அமைப்பில் இருந்திருக்கிறது. பையன் சிரித்தபடி ஒரு பொத்தானைத் தட்டிச் சரிசெய்துவிட்டான். திடலில் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையாகிய எனக்கு அதற்குள் வேறொன்று உறைத்தது.

ஈராண்டுக்கு முன் பார்த்த அந்தத் தொலைக்காட்சிப் படத்தைத் தேடிப் போட்டேன். விடியற்காலைக் காட்சி வந்ததும் நிறுத்தினேன். நாயகி ஆண்கள் அணியும் நீளக்கைச் சட்டை போட்டிருந்தாள், தோட்டத்தில் பெண்கள் வேலைக்குப் போடுவதுபோல். ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். முந்திய காட்சியில் அவளுக்கும் இடது மார்பில்தான் இருந்தது. மரம் வெட்டுகிற அந்த ஒரு துண்டில் மட்டும் வலது மார்பில் இருந்தது. படத்தொகுப்பில் யாரோ, எதற்காகவோ, அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

அம்மாவிடம் பையைக் காட்டினேன். கிட்டே வந்து, வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு சரியாத்தான் வெட்டியிருக்கு," என்றார். "மறுபடி போடு பாப்பா."